தைராய்டு ரத்தப் பரிசோதனை: ரத்தம் கொடுக்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

ஒரு பரிசோதனைக் கூடத்தில் 22 ஆண்டுகளாக ரத்தம் எடுத்து வருகிறேன். காலை ஆறரை மணிக்குக் கதவைத் திறக்கும்போதே வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள். அவர்களில் மூன்று நான்கு பேராவது தைராய்டுக்காக வந்திருப்பார்கள். கையை நீட்டி உட்கார்ந்ததும் கேள்விகள் தொடங்கிவிடும். ஊசி உள்ளே இருக்கும் அரை நிமிடத்தில் அவற்றுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை. சொல்லாமல் அனுப்பிவிட்டோமே என்ற உறுத்தல் மட்டும் மிஞ்சுகிறது. அதனால்தான் இதை எழுதினேன்.

நான் மருத்துவர் அல்ல. மருந்து வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ரத்தம் கொடுப்பதற்கு முன்பும் அறிக்கையைக் கையில் வாங்கிய பிறகும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டியவை மட்டுமே இங்கே இருக்கின்றன.

தைராய்டு டெஸ்ட் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் என்னதான் பார்க்கிறீர்கள்?

குரல்வளைக்குக் கீழே இருப்பது தைராய்டு சுரப்பி. அது டி4, டி3 என்ற இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. உடம்பின் சூடு, இதயத் துடிப்பு, குடல் அசைவு, மாதவிடாய் என்று எல்லாவற்றின் வேகமும் அவற்றைப் பொறுத்தது. எவ்வளவு சுரக்க வேண்டும் என்று சுரப்பிக்குக் கட்டளை அனுப்புவது மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி. அந்தக் கட்டளையின் பெயர்தான் டிஎஸ்எச்.

பெரும்பாலும் முதலில் டிஎஸ்எச் பார்ப்பார்கள். அது சரியில்லை என்றால் ஃப்ரீ டி4 (ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் தனியே இருக்கும் டி4), தேவைப்பட்டால் டி3. டிஎஸ்எச்சை முதலில் பார்ப்பதற்குக் காரணம் அதன் கூர்மை. டி4 பாதியாகக் குறைந்தால் டிஎஸ்எச் நூறு மடங்கு வரைகூட எகிறும். சுரப்பி லேசாகத் தளரத் தொடங்கும்போதே அது காட்டிக் கொடுத்துவிடும்.

டிஎஸ்எச் அதிகம் என்று வந்திருக்கிறது. அப்படியானால் எனக்குத் தைராய்டு அதிகம்தானே?

இல்லை, நேர் எதிர். சுரப்பி சோம்பினால் பிட்யூட்டரி கட்டளையை உரக்கச் சொல்கிறது, டிஎஸ்எச் ஏறுகிறது. சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தால் பிட்யூட்டரி வாயை மூடிக்கொள்கிறது, டிஎஸ்எச் இறங்குகிறது. என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுபவர்களில் சிலர் 'அதிகம்' என்று பார்த்துவிட்டு, மருந்து கூடிவிட்டது என்று நினைத்துத் தாங்களே பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள். அடுத்த முறை வரும்போது முகம் வீங்கி, குரல் கரகரத்து, படியேற முடியாமல் வருகிறார்கள். அறிக்கையைப் பார்த்து நீங்களாக அளவை மாற்றாதீர்கள்.

வெறும் வயிற்றில் வர வேண்டுமா? டீ குடித்துவிட்டேனே.

தைராய்டுக்கு மட்டும் என்றால் பட்டினி கட்டாயமில்லை. கூடவே சர்க்கரையும் கொழுப்பும் எழுதியிருந்தால்தான் வெறும் வயிறு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டிஎஸ்எச் இரவு இரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள் உச்சத்தில் இருக்கும், பிற்பகலில் தாழும். எனவே போன முறை காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் கொடுத்தவர் இந்த முறையும் அப்படியே கொடுப்பது நல்லது. அப்போதுதான் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

தைராய்டு மாத்திரையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். ரத்தம் கொடுக்கலாமா?

டிஎஸ்எச் மட்டும் என்றால் கொடுக்கலாம். இன்று போட்ட ஒரு மாத்திரை இன்றைய டிஎஸ்எச்சை அசைக்காது. ஃப்ரீ டி4-உம் எழுதியிருந்தால் நிலைமை வேறு. மாத்திரையே டி4 என்பதால், போட்ட சில மணி நேரத்துக்கு ரத்தத்தில் அதன் அளவு கூடுதலாகத் தெரியும். மாத்திரையைப் பையில் எடுத்து வந்து, ரத்தம் கொடுத்ததும் எங்களிடமே தண்ணீர் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். போட்டுவிட்டு வந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள், எத்தனை மணிக்கு என்று சீட்டில் எழுதிவிடுவோம்.

சிஸ்டர், எனக்கு உடம்பில் ரத்தமே இல்லை. இத்தனை குழாய் எதற்கு?

தைராய்டுக்கு எடுப்பது ஒரு குழாய், மூன்று நான்கு மில்லி. ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. மஞ்சள் மூடிக் குழாயில் எடுத்து அரை மணி நேரம் அசைக்காமல் நிறுத்தி வைப்போம். ரத்தம் உறைந்ததும் சுழலும் இயந்திரத்தில் பத்து நிமிடம் வைத்தால் சிவப்பு அடியில் தங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். ஹார்மோன் இருப்பது அந்த நீரில்தான். ஊதா மூடிக் குழாயில் உறையாமல் இருக்க மருந்து இருக்கும், அது ரத்த அணுக்களை எண்ணுவதற்கு. சாம்பல் மூடி சர்க்கரைக்கு. ஒன்றுக்கு எடுத்ததை மற்றதற்குப் பயன்படுத்த முடியாது என்பதால்தான் மூன்று குழாய்கள்.

நார்மல் என்றால் எவ்வளவு?

கர்ப்பம் இல்லாத பெரியவர்களுக்கு டிஎஸ்எச் சுமார் 0.4 முதல் 4 வரை. கூடத்துக்குக் கூடம் இயந்திரம் மாறுவதால் எல்லையும் சற்று மாறும், ஆகவே உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையைப் பாருங்கள். வயதும் முக்கியம். எழுபதைத் தாண்டியவர்களுக்கு டிஎஸ்எச் இயல்பாகவே ஏறும். இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் கவலை தரும் 6 என்ற எண், எண்பது வயதுப் பாட்டியிடம் நோயாக இல்லாமலே இருக்கலாம்.

போன மாதம் வேறு இடத்தில் 5.8, இங்கே 4.1. யார் தப்பாகச் செய்தது?

பெரும்பாலும் யாரும் தப்பாகச் செய்யவில்லை. நேரம், இயந்திரம் இரண்டையும் முன்பே சொன்னேன், இந்த அளவு வித்தியாசத்துக்கு அவையே போதும். இன்னொரு காரணம் நோய். டெங்கு, நிமோனியா, அறுவை சிகிச்சை என்று உடம்பு பெரிதாக அடிபட்டிருக்கும்போது டிஎஸ்எச் இறங்கும், குணமாகும் வாரங்களில் சற்று மேலே ஏறிப் பிறகு தன் இடத்துக்கு வரும். அவசரக் காரணம் ஏதும் இல்லை என்றால் காய்ச்சல் தணிந்து ஆறு வாரம் கழித்துப் பார்ப்பதே சரி. ஸ்டீராய்டு, இதயத் துடிப்புக்குத் தரும் அமியோடரோன், மனநலத்துக்குத் தரும் லித்தியம் இவையும் எண்ணை மாற்றும். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று நாங்கள் கேட்பது அதற்காகத்தான்.

5.8 நிஜமென்றே வைத்துக்கொள்வோம். உடனே மாத்திரை தொடங்க வேண்டுமா?

டிஎஸ்எச் கொஞ்சம் ஏறி, டி4 எல்லைக்குள் இருந்தால் அது ஆரம்ப நிலை. பெரும்பாலான மருத்துவர்கள் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள், பலருக்குத் தானாகவே இறங்கிவிடும். சுரப்பியை உடம்பே தாக்குகிறதா என்று அறிய ஆன்டி டிபிஓ என்ற பரிசோதனை எழுதுவார்கள். அதில் அப்படித் தெரிந்தால் பின்னால் முழுக் குறைபாடாக மாறும் வாய்ப்பு அதிகம். டிஎஸ்எச் 10-ஐத் தாண்டினால் பொதுவாக மருந்து தொடங்கிவிடுவார்கள்.

முதியவர்களுக்கு அவசரம் வேண்டாம் என்று சொல்ல நல்ல ஆதாரம் இருக்கிறது. 65 வயதைக் கடந்த, இப்படி லேசான குறைபாடுள்ள 737 பேரை வைத்து ஐரோப்பாவில் செய்து 2017-இல் வெளியான ஆய்வில், மாத்திரை சாப்பிட்டவர்களின் களைப்பும் மற்ற தொல்லைகளும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் குறையவில்லை. கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பத்துக்குக் காத்திருப்பவர்களுக்கும் இந்தப் பொறுமை பொருந்தாது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? காபியோடு போட்டால் என்ன?

காலையில் எழுந்ததும், வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஒன்றும் வேண்டாம். காபியும் அந்த 'ஒன்றும்' என்பதில் அடக்கம். காபி, பால், சோயா மூன்றும் மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகள் இன்னும் மோசம், அவற்றுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பிரசவித்த பெண்கள் இந்த மூன்று மாத்திரைகளையும் காலையில் ஒரே வாயில் போட்டுக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

புட்டியை அடுப்பு மேடையிலும் ஜன்னலோரத்திலும் வைக்காதீர்கள். வெப்பமும் ஈரமும் வெளிச்சமும் இந்த மருந்துக்கு ஆகாது.

டோஸ் மாற்றிப் பத்து நாள் ஆகிறது. சரியாகிவிட்டதா என்று பார்க்கலாமா?

பணம்தான் வீண். டி4 பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும் என்பதால், ரத்தத்தில் புதிய அளவு நிலைபெற ஐந்தாறு வாரம் பிடிக்கும். பிட்யூட்டரியும் அதற்குப் பிறகுதான் நிதானத்துக்கு வரும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து வரச் சொல்கிறார்கள். அளவு நிலைத்துவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒரு முறையோ ஆண்டுக்கு ஒரு முறையோ போதும். இதே கணக்கால், ஒரு நாள் மறந்துவிட்டால் பதற வேண்டியதும் இல்லை.

ஒழுங்காகத்தான் போடுகிறேன். டிஎஸ்எச் இறங்கவே மாட்டேன் என்கிறது, ஏன்?

முதலில் காபிக் கேள்விக்குச் சொன்ன பதிலை வரி வரியாகச் சரிபாருங்கள். எங்களிடம் வரும் பூ கட்டும் அம்மா ஒருவருக்கு ஓராண்டில் மூன்று முறை அளவு கூட்டியும் டிஎஸ்எச் 14-க்குக் கீழே வரவில்லை. ஒருநாள் ரத்தம் எடுக்கும்போது, எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். விடியற்காலை மூன்று மணிக்கு மார்க்கெட்டுக்குப் போய்விடுவாராம். அங்கே பால் டீ வாங்கி, அதிலேயே மாத்திரையை விழுங்கிவிடுவாராம். முந்தானை முடிச்சிலிருந்து அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை எடுத்துக் காட்டினார், வியர்வையில் ஓரம் கரைந்திருந்தது. அதைச் சீட்டில் எழுதி அனுப்பினேன். மருத்துவர் மாத்திரையை இரவுக்கு மாற்றினார், சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது. இரண்டு மாதத்தில் 3.6-க்கு வந்துவிட்டது. காலையில் முடியாதவர்களுக்கு இது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிதான், மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. டிஎஸ்எச் 18, டி4 மட்டும் மேல் எல்லையில். மாதக்கணக்கில் விட்டுவிட்டு, பரிசோதனைக்கு முந்தைய சில நாள் மட்டும் மாத்திரை போட்டால் எண்கள் இப்படி முரண்படும். டி4 உடனே ஏறிவிடும், டிஎஸ்எச் பழைய கதையைச் சொல்லும். விட்டுப்போனதைச் சொல்லுங்கள், எங்களில் யாரும் திட்டமாட்டோம். சொல்லாவிட்டால் அளவைக் கூட்டிவிடுவார்கள், அது உங்கள் இதயத்தைப் படுத்தும்.

முடி கொட்டுவதற்கு ஒரு சத்து மாத்திரை சாப்பிடுகிறேன். அதையெல்லாமா சொல்ல வேண்டும்?

கட்டாயம். முடிக்கும் நகத்துக்கும் விற்கும் மாத்திரைகள் பலவற்றில் பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கிறது. நாளொன்றுக்குத் தேவை 30 மைக்ரோகிராம், மாத்திரையிலோ 5,000 முதல் 10,000 வரை. பல இயந்திரங்கள் ஹார்மோனைப் பிடித்து நிறுத்தப் பயோட்டினையே கொக்கியாகப் பயன்படுத்துகின்றன. உங்கள் ரத்தத்தில் அது ததும்பினால் கொக்கிகள் நிரம்பிவிடும். விளைவு, டிஎஸ்எச் பொய்யாகக் குறையும், டி4 பொய்யாக ஏறும். சுரப்பி நன்றாக இருப்பவர் காகிதத்தில் தைராய்டு மிகை நோயாளி ஆகிவிடுவார். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு வாருங்கள்.

இதில் வருத்தம் என்னவென்றால், முடி கொட்டுவதே தைராய்டு குறைவால் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வேண்டிய பரிசோதனையை அந்த முடி மாத்திரையே கெடுத்துவிடுகிறது.

இந்துப்புக்கு மாறிவிட்டோம். முட்டைக்கோஸையும் நிறுத்திவிட்டேன். சரிதானே?

முட்டைக்கோஸ் பற்றிய பயம் தேவையில்லை. அயோடின் போதுமான அளவு கிடைப்பவர் சமைத்துச் சாப்பிடும் கோஸும் காலிஃபிளவரும் சுரப்பியை ஒன்றும் செய்யாது. எனக்குக் கவலை தருவது இந்துப்புதான். அதில் நம் தேவைக்கு அயோடின் கிடையாது. இமயமலை அடிவாரத்தில் அயோடின் போதாமல் தலைமுறை தலைமுறையாகக் கழுத்தில் கழலையோடு வாழ்ந்தார்கள். அங்குள்ள காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் 1956-இல் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தாலே கழலை குறைகிறது என்று நிரூபித்தது. 1962-இல் தேசியத் திட்டம் வந்தது. வீட்டுக்கு வரும் உப்பில் பத்து லட்சத்தில் 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்பது இன்றைய அளவு. பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், கல்லுப்பிலும் அப்படிக் கிடைக்கிறது. மூடிய ஜாடியில் வையுங்கள்.

அயோடின் உப்பு வந்தும் ஏன் இத்தனை பேருக்குத் தைராய்டு என்று கேட்பார்கள். சென்னை உட்பட எட்டு நகரங்களில் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் சுமார் 11 சதவீதத்தினருக்குக் குறைபாடு இருந்தது. நகரங்களில் இன்று முக்கியக் காரணம், மேலே சொன்னபடி உடம்பே தன் சுரப்பியைத் தாக்குவது. உப்பைக் கூட்டினால் அது தீராது, ரத்த அழுத்தம்தான் ஏறும்.

மாத்திரை சாப்பிட்டும் எடை குறையவில்லையே?

தைராய்டு குறைவால் ஏறும் எடை பொதுவாக இரண்டு முதல் ஐந்து கிலோ, அதிலும் பெரும்பகுதி நீரும் உப்பும். டிஎஸ்எச் சரியான பிறகும் இருக்கும் எடைக்குச் சாப்பாட்டையும் நடையையும்தான் பார்க்க வேண்டும். எடை குறைய மாத்திரையைக் கூட்டிப் போடுவது ஆபத்து, எலும்பு தேயும், இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

நாள் தள்ளிப் போயிருக்கிறது. குழந்தைக்காக மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இது இருக்கட்டும். முதல் சில மாதங்களுக்குக் குழந்தையின் மூளை வளரத் தேவையான தைராய்டு ஹார்மோன் தாயிடமிருந்துதான் போக வேண்டும். அப்போது தேவை கால் பங்கு முதல் பாதி வரை கூடும். கர்ப்பம் உறுதியானதுமே, அடுத்த சந்திப்பு வரை காத்திராமல், மருத்துவரைத் தொலைபேசியிலாவது பிடித்து அளவைக் கேளுங்கள். சிகிச்சையில் இருப்பவர்களுக்கு டிஎஸ்எச் 2.5-க்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். பாதிக் கர்ப்பம் வரை நான்கு வாரத்துக்கு ஒரு முறை பரிசோதனை.

முதல் மூன்று மாதத்தில் டிஎஸ்எச் மட்டும் கொஞ்சம் இறங்குவதும் உண்டு. கர்ப்ப ஹார்மோனே சுரப்பியைத் தூண்டுவதால் அப்படி ஆகும், பெரும்பாலும் அது இயல்பு.

பச்சைக் குழந்தையின் குதிகாலில் குத்துகிறீர்களே, அவசியமா?

அவசியம். நம் நாட்டில் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்று சரியாக வேலை செய்யாத தைராய்டோடு பிறக்கிறது. பிறந்தபோது பார்த்தால் எதுவும் தெரியாது, நன்றாகத் தூங்கும், அதிகம் அழாது. 'சமத்துக் குழந்தை' என்பார்கள். மாதங்கள் கழித்துத் தெரியும்போது மூளை வளர்ச்சி பின்தங்கியிருக்கும், இழந்ததைத் திரும்பப் பெற முடியாது. இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் அந்தக் குழந்தை மற்றவர்களைப் போலவே வளர்ந்து படிக்கும். பிறந்து 48 மணி நேரம் கழித்துச் சில சொட்டு ரத்தம் போதும். குறைபாடு உறுதியானால் மாத்திரையைப் பொடித்து, கொஞ்சம் தாய்ப்பாலில் குழைத்துப் பாலாடையில் கொடுக்க மருத்துவர் கற்றுத் தருவார்.

சிங்கப்பூரில் எடுத்தபோது ஃப்ரீ டி4 15 இருந்தது. இங்கே 1.2 என்கிறீர்கள்!

இரண்டும் ஒன்றுதான், அலகு வேறு. இங்கே டெசிலிட்டருக்கு நானோகிராம், அங்கே லிட்டருக்குப் பிக்கோமோல். நம் எண்ணை 12.87-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். டிஎஸ்எச்சுக்கு இந்தக் குழப்பம் இல்லை, அலகின் பெயர் மாறினாலும் எண் அதேதான்.

எனக்கு டிஎஸ்எச் 0.01. அது எந்த நோய்?

மாத்திரை சாப்பிடுபவர் என்றால் முதலில் அளவு கூடிவிட்டதா என்று பார்ப்பார்கள். சாப்பிடாதவர் என்றால், பயோட்டின் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, டி4-உம் டி3-உம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறியிருந்தால் தைராய்டு மிகை. கை நடுக்கம், படபடப்பு, நன்றாகச் சாப்பிட்டும் மெலிவது என்று உடம்பும் சொல்லும். சிகிச்சை தொடங்கிய பிறகு டிஎஸ்எச் சில மாதங்கள் எழும்பாமலே கிடக்கும், அதனால் டி4-ஐ வைத்தே மருந்தைச் சரிசெய்வார்கள்.

தைராய்டு மிகைக்குத் தரும் கார்பிமசோல் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய் வெள்ளை அணுக்களை எண்ணச் சொல்லுங்கள். அபூர்வமாகச் சிலருக்கு இந்த மருந்தால் வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும்.

டிஎஸ்எச் நார்மல்தான். ஆனால் பிரசவத்துக்குப் பிறகு நான் நானாகவே இல்லை. எல்லாம் மனப்பிரமையா?

மனப்பிரமை என்று ஒதுக்காதீர்கள். இதுவரை சொன்னதெல்லாம் பிட்யூட்டரி நன்றாக இருக்கிறது என்ற அடிப்படையில்தான். கட்டளை அனுப்பும் இடமே பழுதானால், டி4 தரைதட்டினாலும் டிஎஸ்எச் ஏறாது, அறிக்கையில் நார்மல் என்றே வரும். கர்ப்பத்தில் பிட்யூட்டரி பெருத்திருக்கும். பிரசவத்தில் கடுமையாக ரத்தம் போனால் அதற்குப் போகும் ரத்தம் நின்று அது கருகிவிடலாம். 1937-இல் இதை விவரித்த ஷீஹான் என்ற ஆங்கில மருத்துவரின் பெயரால் இதை அழைக்கிறார்கள். நம் நாட்டில் இன்றும் இது வருகிறது, பல ஆண்டுகள் பிடிபடாமலே போகிறது.

பிரசவத்தில் அதிக ரத்தம் போனதா, ரத்தம் ஏற்றினார்களா, தாய்ப்பால் சுரக்கவே இல்லையா, அதன் பிறகு மாதவிலக்கு வரவில்லையா என்று நினைத்துப் பார்த்து, அத்தனையையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். டிஎஸ்எச்சோடு ஃப்ரீ டி4-உம், பிட்யூட்டரியின் கட்டளையால் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான கார்ட்டிசாலும் எழுதுவார். கார்ட்டிசால் குறைவாக இருந்தால் அதைத்தான் முதலில் சரிசெய்வார்கள், அதற்கு முன் தைராய்டு மாத்திரையைத் தொடங்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம். கார்ட்டிசால் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். அந்தச் சீட்டோடு வருபவர்கள் மட்டும் வரிசையில் காத்திருக்க வேண்டாம், எட்டு மணிக்கு நேராக உள்ளே வந்துவிடுங்கள்.